பாலைவனத்தில் வெள்ளம்: திபெஸ்தியின் மலைகளும் மனிதர்களும்

2024 ஆகஸ்ட் மாத நடுப்பகுதியில் ஒரு சிறிய செய்தி வெளிவந்தது. ஆபிரிக்காவின் சாட் நாட்டின் வட எல்லையில், சஹாராப் பாலைவனத்தின் நடுவே, சில நாட்கள் பெய்த மழையால் வெள்ளம் பெருக்கெடுத்து 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்துவிட்டனர் என்பதே அந்தச் செய்தி. நான் இருக்கும் வட்ஸ்அப் குழுமமொன்றிலும் அது பகிரப்பட்டது. "பாலைவனத்தில் வெள்ளம், கியாமத்தின் அடையாளம்" என்ற குறிப்போடு வந்தது. அதன் கீழே ஏராளமான "சுப்ஹானல்லாஹ்" வந்து விழுந்தன. "இன்னாலில்லாஹ்" என்று ஒருவர்கூட எழுதவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் எழுதவில்லை.

கியாமத்தின் அடையாளங்கள் பற்றிய நபிமொழிகளுக்கு விளக்கம் சொல்லும் தகுதி எனக்கில்லை. அதனை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் அன்றிரவு ஒரு கேள்வி என்னை உறங்கவிடவில்லை. பாலைவனத்தின் நடுவில் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட அங்கே மனிதர்கள் ஏன் இருந்தார்கள்? மணல்மேட்டில் எவரும் வெள்ளத்தில் மூழ்குவதில்லையே. அந்த இடத்தின் பெயர் திபெஸ்தி. அதனைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்தவற்றை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். அங்கு வாழ்வோர் அநேகமாக எல்லோரும் முஸ்லிம்கள். நமது உம்மத்தின் ஒரு பகுதியான இவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு.

எங்கே இருக்கிறது?

சஹாரா என்றதும் நம் மனக்கண்ணில் வருவது மணற்குன்றுகளே. உண்மையில் சஹாராவின் பெரும்பகுதி கல்லும் சரளையுமான சமவெளி. அதன் நடுவில் சில இடங்களில் பெரும் மலைத்தொகுதிகள் எழுந்து நிற்கின்றன. அல்ஜீரியாவின் ஹொகார், நைஜரின் ஆயிர் என்பன அவற்றுட் சில. எல்லாவற்றிலும் உயரமானது திபெஸ்தி. அதன் பெரும்பகுதி சாட் நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ளது. வட விளிம்பு லிபியாவுக்குள் செல்கிறது. மேற்கே நைஜர்.

இன்று சாட் நாட்டின் மாகாணங்களில் ஒன்றாக திபெஸ்தி நிர்வகிக்கப்படுகிறது. முன்னர் போர்க்கு, என்னெதி, திபெஸ்தி ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரே நிர்வாகப் பிரிவாக இருந்தன. 2008இல் திபெஸ்தி தனியாகப் பிரிக்கப்பட்டது. பரப்பளவு ஏறத்தாழ 130,000 சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கையைப் போல் இரு மடங்கு. 2009 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே வாழ்ந்தோர் சுமார் 25,000 பேர் மாத்திரமே. நமது நாட்டில் ஒரு நடுத்தர ஊரின் சனத்தொகை அது.

தலைநகர் பர்தாய். சுமார் 1,000 மீற்றர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது. நாட்டின் தலைநகரான என்ஜமேனாவிலிருந்து நேர்கோட்டில் அளந்தாலே 1,000 கிலோமீற்றருக்கும் அதிக தூரம். தரைவழிப் பயணமோ பெரும்பாலும் கரடுமுரடான தடங்கள் வழியேதான்.

எரிமலைகள் கட்டிய மலை

திபெஸ்தியின் அடித்தளம் மிகப் பழைய பாறைகளாலானது. அதன் மேல் மணற்கற் படைகள். இவ்விரண்டையும் துளைத்துக்கொண்டு பல மில்லியன் ஆண்டுகளாக எரிமலைகள் வெடித்து, குழம்பைப் பரப்பி, கரிய பாறைப் பீடபூமிகளை உண்டாக்கின. அந்தப் பீடபூமிகளையும் அவற்றின் மேல் நிற்கும் பெரும் எரிமலைகளையும் உள்ளூர் மக்கள் "தார்ஸோ" என்பர்.

தெற்கே நிற்கும் எமி குஸ்ஸி 3,415 மீற்றர் உயரமானது. சஹாரா முழுவதற்கும் அதுவே மிக உயர்ந்த சிகரம். நமது பிதுருதலாகல மலையை விட ஏறத்தாழ 900 மீற்றர் அதிகம். அதன் உச்சி கூர்மையானதல்ல. பண்டைய வெடிப்புகளின் பின்னர் உச்சி உள்ளே இடிந்து விழுந்ததால் 12 முதல் 15 கிலோமீற்றர் அகலமான ஒரு பெருங்குழி அங்கே இருக்கிறது. செவ்வாய்க் கிரகத்திலுள்ள எரிமலையொன்றைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகள் எமி குஸ்ஸியின் படங்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

மேற்கே துஸ்ஸிதே சிகரம், 3,265 மீற்றர். அதன் உச்சியிலிருந்து இன்றும் ஆவி கசிகிறது. அதனருகே பிரெஞ்சுக்காரர்கள் "நேட்ரன் குழி" எனப் பெயரிட்ட பள்ளம் உண்டு. ஆறேழு கிலோமீற்றர் அகலமும் சில இடங்களில் 1,000 மீற்றர் வரையான ஆழமும் கொண்டது. கரிய பாறைச் சுவர்களின் அடியில் தரை மட்டும் பனி விழுந்ததுபோல் வெண்மையாக இருக்கும். அது பனியல்ல, சோடியம் காபனேற்று உப்பு. ஒரு காலத்தில் அந்தக் குழியில் ஆழமான ஏரி இருந்தது. நீர் வற்றிப்போக உப்புப் படிந்தது.

சொபொரோம் என்னும் இடத்தில் கந்தக மணத்துடன் சேறும் வெந்நீரும் கொதித்துக் கொண்டிருக்கின்றன. திருகோணமலைக் கன்னியா வெந்நீர் ஊற்றுகளை நாம் அறிவோம். ஆனால் இங்கே பூமியின் சூடு கண்ணுக்கு நேரே தெரிகிறது. மூட்டுவலிக்கும் தோல் நோய்க்கும் மக்கள் நெடுந்தூரம் நடந்து வந்து அங்கே குளிக்கிறார்கள். மனித வரலாற்றில் பதிவான எரிமலை வெடிப்பு எதுவும் திபெஸ்தியில் இல்லை. ஆயினும் மலை முற்றாகக் குளிர்ந்துவிடவில்லை.

மழையும் நீரும்

இலங்கையில் நாம் வரண்ட பிரதேசங்கள் என்று சொல்லும் மன்னாரும் அம்பாந்தோட்டையும் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மழையைப் பெறுகின்றன. பர்தாயில் அது ஓராண்டுக்குச் சில பத்து மில்லிமீற்றரைக்கூடத் தாண்டுவதில்லை. சில ஆண்டுகளில் மழையே இல்லை. உயர்ந்த சிகரங்களில் மட்டும் சற்று அதிகம், ஆண்டுக்கு 100 மில்லிமீற்றரைத் தாண்டும் இடங்களும் உண்டு. மாரிகால இரவுகளில் உயரமான இடங்களில் நீர் உறையும் அளவுக்குக் குளிர்கிறது.

சுற்றிலும் சமவெளியில் ஒரு துளியும் விழாதிருக்க, மலையில் மட்டும் மழை பெய்வதற்குக் காரணம் அதன் உயரமே. கோடையில் தெற்கிலிருந்து வரும் பருவக்காற்றின் கடைசி ஈரமும், மாரியில் சில சமயம் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் ஈரமும் மலையில் மோதி மேலெழுந்து குளிர்கின்றன. அதனால் அங்கே மேகம் கருக்கொள்கிறது.

அடுத்து நடப்பதுதான் முக்கியமானது. எரிமலைப் பாறையில் மண் மிகக் குறைவு. மரமும் புல்லும் அரிது. எனவே விழுந்த நீரைப் பிடித்துவைக்க எதுவுமில்லை. கூரையில் விழுந்த மழை பீலியில் ஓடுவதுபோல், முழு மலையின் நீரும் குறுகிய பள்ளத்தாக்குகளுக்குள் ஒரே மூச்சில் இறங்குகிறது. இந்த வரண்ட ஆற்றுப் படுகைகளை அவர்களது மொழியில் "எனெரி" என்பர். அரபியில் நாம் அறிந்த "வாதி" போன்றதே. வருடக்கணக்கில் காய்ந்து கிடக்கும் எனெரி சில மணி நேரத்தில் பேராறாகிவிடும். பின்னர் மீண்டும் காய்ந்துவிடும். ஆனால் நீர் முழுதும் போய்விடுவதில்லை. படுகையின் மணலுக்கும் சரளைக்கும் அடியில் அது தங்கிவிடுகிறது. சில மீற்றர் தோண்டினால் கிணறு. பாறைப் பிளவுகளில் வெயில் படாத குட்டைகளிலும் நீர் மாதக்கணக்கில் நிற்கும்.

ஆக, கொல்லும் வெள்ளமும் வாழவைக்கும் கிணறும் ஒரே நீர்தான். என் கேள்விக்கு முதல் விடை இங்கேதான் கிடைத்தது.

இந்த மலை முன்பு எவ்வளவு பசுமையாக இருந்தது என்பதற்குச் சான்றுகள் ஏராளம். பாறைச் சுவர்களில் மாடுகளையும் காட்டு மிருகங்களையும் வரைந்தும் செதுக்கியும் வைத்திருக்கிறார்கள். சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் திபெஸ்தியின் ஆறுகள் தெற்கே ஓடி, இன்றைய சாட் ஏரியைவிடப் பல மடங்கு பெரிய உள்நாட்டுக் கடலொன்றில் கலந்தன. பின்னர் மழை குறைந்தது, ஏரி சுருங்கியது. அதன் ஆழமான பகுதி இன்று போதெலே என்னும் வரண்ட தாழ்நிலம். திபெஸ்திக்கும் என்னெதி மலைக்கும் இடையே ஒடுங்கி வேகம்பிடிக்கும் காற்று, அந்தப் பழைய ஏரித் தரையைத் தூசாக அள்ளிச் செல்கிறது. உலகிலேயே அதிக தூசு எழும் இடம் அதுவே. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமேசன் காட்டின் மண்ணுக்கும் அந்தத் தூசு உரமாகிறது. யாருமற்ற மூலை என நாம் நினைக்கும் ஓரிடத்தின் கணக்கு உலகின் மறுகோடியில் எழுதப்பட்டிருக்கிறது.

பாறையின் மக்கள்

திபெஸ்தியின் மக்கள் தேதா எனப்படுவோர். தெற்கே சமவெளியில் வாழும் தாஸா மக்களையும் சேர்த்து வெளியார் இவர்களைத் தூபூ என அழைக்கின்றனர். "தூ" என்பது மலை, "பூ" என்பது மக்கள். மலையின் மக்கள், பாறையின் மக்கள் என்பதே அதன் பொருள். இவர்களது மொழி அரபுமல்ல, பெர்பரும் அல்ல. சாட் ஏரிக்கரையின் கானூரி மொழிக்கு உறவானது.

வரைபடத்தில் இவர்களது ஊர்களைக் குறித்துப் பாருங்கள். பர்தாய், அவுஸு, ஸுவார், வூர், யெப்பி பூ என எல்லாம் எனெரிக் கரைகளிலோ மலையடிவாரத்திலோ இருக்கும். பீடபூமியின் மேல் ஊர் இல்லை. நீர் எங்கே தங்குகிறதோ அங்கே பேரீச்சை. பேரீச்சையின் நிழலில் சிறு தோட்டம், அதில் கோதுமை, தினை, தக்காளி. கிணற்றிலிருந்து நீர் இறைக்க நமது யாழ்ப்பாணத்துத் துலாவைப் போன்றதொரு பொறியையே பயன்படுத்தி வந்தார்கள். ஒரு முனையில் பாரம், மறு முனையில் வாளி.

ஆனால் தோட்டம் மட்டும் வயிற்றை நிரப்பாது. எனவே ஒரு குடும்பம் ஒரே இடத்தில் ஆண்டு முழுதும் இருப்பதில்லை. மழை பெய்த பக்கத்தைத் தேடி ஆடுகளும் ஒட்டகங்களும் போகும். மலையில் ஒரு மேய்ச்சல் நிலம், பள்ளத்தாக்கில் சில ஈச்ச மரங்கள், வேறொரு பள்ளத்தாக்கில் தாய்வழியில் வந்த இன்னும் சில மரங்கள் என ஒரு குடும்பத்தின் சொத்து பல இடங்களில் சிதறிக் கிடக்கும். ஓரிடத்தில் மழை பொய்த்தால் மற்றோரிடம் கைகொடுக்கும். கோடையின் இறுதியில் ஈச்சம்பழம் பழுக்கும்போது எல்லோரும் பள்ளத்தாக்குக்கு இறங்கி வருவர். பஞ்ச காலத்தில் கசப்பான காட்டுக் கொம்மட்டியின் விதைகளைப் பலமுறை அவித்துக் கழுவி, கசப்பு நீக்கி உண்பர். தூம் பனையின் கடினமான பழத்தை இடித்து மாவாக்குவர்.

ஆண்கள் வியாபாரத்துக்காகவும் வேலைக்காகவும் மாதக்கணக்கில் வெளியே போய்விடுவதால் வீடு, மந்தை, தோட்டம் எல்லாம் பெண்களின் பொறுப்பு. தூபூப் பெண்கள் தனியே நெடும்பயணம் போவதையும் தற்காப்புக்காகக் கத்தி வைத்திருப்பதையும் பயணிகள் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது அவர்களது திருமண வழக்கம். மாமன் மகள், மாமி மகன் என உறவுக்குள் முடிப்பது நம்மிடையேயும் உண்டு, அரபு நாடுகளிலும் உண்டு. தூபூக்கள் நேர் எதிர். சில தலைமுறைகளுக்குள் பொது மூதாதை இருந்தால் அவர்களிடையே திருமணம் செய்வதில்லை. இது ஷரீஅத்தின் தடையல்ல, அவர்களது வழமை. அதனால் ஒவ்வொரு திருமணமும் தூரத்துப் பள்ளத்தாக்கொன்றில் புதிய சொந்தத்தை உண்டாக்குகிறது. வரட்சி வந்தால் போய்த் தங்க ஒரு வீடு அங்கே இருக்கும். நீர் சிதறியிருக்கும் நிலத்தில் உறவையும் சிதறவிட்டுத்தான் அவர்கள் பிழைத்திருக்கிறார்கள்.

இவர்களுக்கு அரசன் இருந்ததில்லை. தொமாக்ரா குலத்திலிருந்து தெரிவாகும் "தெர்தே" என்னும் தலைவர் ஒருவர் உண்டு. அவரிடம் படையுமில்லை, வரி வாங்கும் அதிகாரமுமில்லை. வழக்குகளைத் தீர்ப்பதும், கொலை நடந்தால் இரத்தப் பகையை நிறுத்தி நஷ்டஈட்டுக்கு இணங்கவைப்பதுமே அவரது முக்கிய பணி.

இஸ்லாமும் ஸாவியாவும்

இஸ்லாம் இம்மலைகளுக்கு மெதுவாகவே வந்தது. அதனை ஆழமாக வேரூன்றச் செய்ததில் 19ஆம் நூற்றாண்டின் ஸனூஸி தரீக்காவுக்குப் பெரும் பங்குண்டு. லிபியாவின் பாலைவனப் பாதைகளில் ஸாவியாக்களை அமைத்து, மார்க்கக் கல்வியையும் கிணறுகளையும் தோட்டங்களையும் ஒருங்கே வளர்த்த இயக்கம் அது. அதன் இரண்டாவது தலைவர் முஹம்மத் அல்மஹ்தி அஸ்ஸனூஸி 1899இல் குப்ராவிலிருந்து தமது தலைமையகத்தை எமி குஸ்ஸியின் தென்கிழக்கே உள்ள கூரோ என்னும் ஊருக்கு மாற்றினார். 1902இல் அங்கேயே வபாத்தானார். உலகின் மிக ஒதுக்குப்புறமான மூலை என்று சொல்லப்படும் இடம் அந்த மூன்று ஆண்டுகளும் சஹாரா முஸ்லிம்களின் பெருந்தலைமையகமாக இருந்தது.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தூபூக்கள் ஒட்டகக் கொள்ளைக்கும் பெயர் பெற்றவர்கள். மேற்கே செல்லும் வணிகப் பாதையில் போவோர் அவர்களுக்கு அஞ்சினர். அடிமை வியாபாரத்திலும் அவர்களுக்குப் பங்கிருந்தது. முஸ்லிம்கள் என்பதற்காக அதனை மறைப்பது சரியல்ல.

வெளியார் வந்தபோது

திபெஸ்திக்குள் சென்று திரும்பிய முதல் ஐரோப்பியர் ஜேர்மன் வைத்தியரான குஸ்தாவ் நஹ்திகால். 1869இல் சென்றார். வழியில் தாகத்தால் மரணத்தின் விளிம்பைத் தொட்டார். பர்தாயில் மக்கள் அவரைச் சந்தேகத்துடன் பார்த்தனர், தடுத்து வைத்தனர். கடைசியில் இரவோடிரவாகத் தப்பி ஓடினார். அந்நியன் இன்று வந்தால் நாளை அவனுக்குப் பின்னால் படை வரும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அதுதான் நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உஸ்மானியர் சிறு படையொன்றைப் பர்தாயில் நிறுத்தினர். அவர்கள் விலகியபின் பிரெஞ்சுப் படை வந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் அதுவும் பின்வாங்கி, 1929 அளவில் மீண்டும் வந்து நிலைத்தது.

1960இல் சாட் சுதந்திரமடைந்த பின்னரும் இந்த வட பகுதி 1965 வரை பிரெஞ்சு இராணுவ அதிகாரிகளிடமே இருந்தது. அதன்பின் வந்த சொந்த நாட்டு நிர்வாகம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. தெர்தேயின் நீதி வழங்கும் அதிகாரம் பறிக்கப்பட்டது. பர்தாயில் படையினர் மக்களை அவமானப்படுத்தினர். 1966இல் தெர்தே வெத்தெய் கிச்சிதெமி லிபியாவுக்குத் தப்பிச் சென்றார். 1968இல் திபெஸ்தியில் கிளர்ச்சி வெடித்தது. அவரது மகன் குகூனி வெத்தெய் கிளர்ச்சித் தலைவராகி, 1979இல் நாட்டின் தலைவருமானார். அவரை 1982இல் வீழ்த்தியவர் ஹிசேன் ஹப்ரே, தாஸா வம்சத்தவர். ஒருவர் பின் ஒருவராகத் தூபூக்கள் இருவர் நாட்டை ஆண்டார்கள். எனினும் திபெஸ்திக்குக் கிடைத்தது யுத்தம் மட்டுமே.

ஒரு கோடும் ஒரு யுத்தமும்

1935இல் பிரான்சின் லவாலும் இத்தாலியின் முசோலினியும் ரோமில் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். திபெஸ்தியின் வட பகுதி உட்பட சுமார் 114,000 சதுர கிலோமீற்றர் நிலத்தைப் பிரான்ஸ் இத்தாலியின் லிபியாவுக்குக் கொடுப்பதாக அதில் எழுதப்பட்டிருந்தது. அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களை எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் நடைமுறைக்கும் வரவில்லை. ஆனால் அதனை ஆதாரமாகக் காட்டி கடாபியின் லிபியா 1973இல் அந்தப் பகுதியைக் கைப்பற்றியது. அவுஸு என்ற ஒரு சிறிய ஈச்சந்தோப்பு ஊரின் பெயரால் உலகம் அதனை அவுஸு பட்டை என அழைத்தது.

1987இல் யுத்தம் உச்சத்தை அடைந்தது. டொயோட்டா வாகனங்களில் ஆயுதம் பூட்டி விரைந்த சாட் படையினர், டாங்கிகளுடன் நின்ற லிபியப் படையைத் தோற்கடித்தனர். "டொயோட்டா யுத்தம்" என்றே அது பெயர் பெற்றது. பின்னர் இரு நாடுகளும் சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றன. 1994 பெப்ரவரி 3இல் 16க்கு 1 என்ற பெரும்பான்மையால் நிலம் சாட் நாட்டுக்கே உரியது எனத் தீர்ப்பாயிற்று. மே மாத இறுதியில் லிபியப் படை வெளியேறியது.

வழக்கு முடிந்தது. ஆனால் பள்ளத்தாக்குகளிலும் கணவாய்களிலும் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் முடியவில்லை. மலைநாட்டில் பாதைகள் சிலவே. கிணற்றுக்குப் போகும் வழி, மேய்ச்சலுக்குப் போகும் வழி, படை போகும் வழி மூன்றும் ஒன்றே. எனவே படைக்கென வைத்த வெடி ஒட்டகத்துக்கும் இடையனுக்கும் காத்திருக்கிறது. கண்ணிவெடி புதைத்த மண்ணுக்குத் திரும்பிப் போவது எப்படியென்று நமது வடபுலத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இன்னொரு கொடுமையும் உண்டு. லிபியாவின் தென்பகுதியில் வாழ்ந்த தூபூக்கள் பலர் முன்னர் அவுஸுவில் பதியப்பட்டிருந்தனர். தீர்ப்பின் பின், "நீங்கள் சாட் நாட்டவர்" என்று சொல்லி லிபிய அரசு அவர்களது பிரஜாவுரிமையை மறுத்தது. எங்கோ வரைந்த கோடு நகர்ந்தது, அசையாமல் இருந்தவர்கள் அந்நியராயினர்.

தங்கம்

2012, 2013 அளவில் திபெஸ்தியில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. சூடானிலிருந்தும் சாட் நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தனர். லிபிய எல்லையருகே கூரி பூகூதி பெரும் சுரங்க முகாமாயிற்று. தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் வேண்டும், நீர் வேண்டும். இரண்டும் ஒரே மணற்படுகையில்தான் கலக்கின்றன. அந்தப் படுகைக்குக் கீழேதான் கிணறுகளும் ஈச்ச மரங்களும் இருக்கின்றன.

தெற்கே மிஸ்கி பகுதி மக்கள் தமது நிலத்தின் தங்கத்தில் தமக்கும் உரிமை வேண்டுமென்று கேட்டனர். அரசோ மிஸ்கியைத் திபெஸ்தியிலிருந்து பிரித்து அயல் மாகாணத்துடன் சேர்க்க முற்பட்டது. 2018இல் ஊரார் தற்காப்புக் குழு அமைத்து எதிர்த்தனர், அரசு விமானத் தாக்குதல் நடத்தியது. 2019 நவம்பரில் சமாதான இணக்கப்பாடு ஏற்பட்டது. 2022 மே மாதம் கூரி பூகூதியில் சுரங்கத் தொழிலாளர் இரு தரப்பினரிடையே மூண்ட கலவரத்தில் ஏறத்தாழ 100 பேர் கொல்லப்பட்டதாக அரசே அறிவித்தது. கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் கலிமாச் சொன்னவர்கள்.

மீண்டும் அந்த வெள்ளம்

இவ்வளவையும் வாசித்த பிறகு 2024 ஆகஸ்ட் செய்தியை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அந்த மாதம் 9ஆம் திகதி முதல் சில நாட்கள் மலையில் பெருமழை பெய்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் வழக்கத்தைவிடக் கடுமையாக வந்தது. அது ஈச்சம்பழம் பழுக்கும் காலம். மலையின் நீர் எங்கே இறங்குமோ அங்கேதான் கிணறு. கிணறு எங்கேயோ அங்கேதான் தோட்டம். தோட்டம் எங்கேயோ அங்கேதான் வீடு. அவர்கள் அறியாமையால் ஆற்றுக்குள் குடியிருக்கவில்லை. அந்த மலையில் வாழ வேறு இடமில்லை. அதே ஆண்டு சாட் முழுவதும் வெள்ளத்தால் 500க்கும் மேற்பட்டோர் மரணித்தனர். நமது குழுமங்களில் அது பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

நஹ்திகாலைத் தொடர்ந்து வந்த படைகள், ரோமில் கோடு கீறியவர்கள், கண்ணிவெடி புதைத்தவர்கள், தங்கம் தோண்ட வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரு பொதுவான எண்ணம் இருந்தது. அது வெறும் கல், அங்கே யாருமில்லை என்பதே அது. 25,000 பேர் இரண்டு இலங்கை அளவு நிலத்தில் இருந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு நிலம் காலியாகத்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு ஈச்ச மரத்துக்கும் அங்கே உரிமையாளர் உண்டு, பெயர் உண்டு, வரலாறு உண்டு. ஆளில்லாத நிலம் என்று அலுவலகத்திலிருந்து ஒருவர் எழுதிவிட்டால் அங்கே பிறந்தவனின் நிலை என்னவாகும் என்பதை, காணிப் பிரச்சினையோடு அலுவலகங்களுக்கு ஏறி இறங்கிய நமது மக்கள் நன்கறிவர்.

வட்ஸ்அப்பில் அந்தச் செய்தியைப் பகிர்ந்த சகோதரரைக் குறை சொல்ல நான் இதனை எழுதவில்லை. அவருக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. நாமும் அங்கே பாலைவனத்தைத்தான் பார்த்தோம், மனிதர்களைப் பார்க்கவில்லை. அடையாளத்தைத் தேடினோம், ஜனாஸாவைக் காணவில்லை. பலஸ்தீனுக்காக நாம் அழுவது நியாயமானது. ஆனால் பெயர் தெரியாத மலையில் மரணிக்கும் முஸ்லிமுக்கும் நம்மீது ஒரு கடமை உண்டு. அதில் மிகச் சிறியது, அவன் எங்கே, எப்படி வாழ்ந்தான் என்று அறிந்துகொள்வது.

நமது பாடசாலைகளில் புவியியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சஹாராவைப் பற்றிச் சொல்லும்போது மணலோடு நிறுத்திவிடாதீர்கள். மலை எப்படி மழையை அழைக்கிறது, நீர் எப்படி ஊரை அமைக்கிறது என்பதைத் திபெஸ்தியை விடத் தெளிவாகக் காட்டும் இடம் குறைவு. அடுத்த முறை அங்கிருந்து ஒரு செய்தி வரும்போது அந்த மாணவர்களில் ஒருவராவது, "அந்தப் பள்ளத்தாக்கில் ஈச்சந்தோப்புகள் இருக்குமே, ஆட்கள் இருப்பார்களே" என்று சொல்லட்டும்.

தாமதமாகவேனும் நான் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்தப் பள்ளத்தாக்குகளில் மரணித்தவர்களின் குறைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. எஞ்சியிருப்போரின் கிணறுகளையும் மரங்களையும் பாதுகாப்பானாக.